ஜன்னல் அக்கா சொல்லாமல் விட்டது

பள்ளிக்கூடத்துக்குள் யார் நுழைந்தாலும் முதலில் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். வாசலை ஒட்டிய அலுவலக அறையில், தள்ளித் திறக்கும் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால், பத்து வருடமாக அவள் உட்கார்ந்திருந்தாள். வருகைப் பதிவேடு, சேர்க்கை விண்ணப்பம், காய்ச்சல் வந்த பிள்ளையின் வீட்டுக்கு போன் போடுவது, எல்லா அறைகளின் சாவிகள் என்று சகலமும் அவள் பொறுப்பு. ஆசிரியர்களுக்கு அவள் கிளார்க். பிள்ளைகளுக்கு ஜன்னல் அக்கா.

ஐந்தாம் வகுப்பு வரைக்குமான சின்னப் பள்ளிதான். ஆனால் அங்கே படித்த இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் வீடுகளில் பதினேழு மொழி பேசினார்கள். வேலை தேடி எங்கெங்கிருந்தோ வந்து, அந்தப் பக்கத்துக் குடியிருப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த குடும்பங்கள். ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினைந்து பிள்ளைகள் பள்ளியில் பேசும் மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் வந்து, வாசலில் அம்மாவின் உடையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அவர்களுக்காகவே ஜன்னல் அக்கா ஒரு பெட்டி வைத்திருந்தாள். பழைய காலண்டர்களிலிருந்தும் விளம்பரத் தாள்களிலிருந்தும் படங்களை வெட்டி, செருப்புப் பெட்டி அட்டையில் ஒட்டியவை. தண்ணீர், கழிப்பறை, வயிற்றுவலி, பசி, அப்பா, அம்மா. ஒவ்வொரு அட்டையின் பின்பக்கமும் அந்த ஒரு வார்த்தை பதினேழு மொழியில் இருக்கும். வந்த தாய் தகப்பன்களை எல்லாம் நிறுத்திக் கேட்டு, காதில் விழுந்தபடி எழுதி வைத்தது. இடைவேளை மணி அடித்தால் ஜன்னலில் நாலைந்து தலைகள் முளைக்கும். ஒன்று வயிற்றுவலி அட்டையைக் காட்டும், ஒன்று சும்மா அவள் மூக்கைப் பார்த்துவிட்டு ஓடும். "இதுங்க தொல்லை தாங்கல" என்று ஆசிரியர்களிடம் அலுத்துக்கொள்வாள். ஒரு நாள் யாரும் வராவிட்டால் எட்டி எட்டிப் பார்ப்பாள்.

அந்த வருடம் பள்ளி திறந்தபோது, மொழி தெரியாத பிள்ளைகளுக்கென்றே ஒரு புது ஆசிரியையை நியமித்தார்கள். வயது முப்பதுகூட இருக்காது. தலை முழுக்கச் சுருள் முடி. ஐந்து மொழி பேசினாள். முதல் நாளே வாசலில் அழுதுகொண்டிருந்த ஒரு பையனிடம் குனிந்து அவன் மொழியிலேயே ஏதோ கேட்டாள். அவன் அழுகையை நிறுத்தி, வாயைப் பிளந்து அவளைப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலிலிருந்து எழுந்து வந்த அக்கா பாதி வழியில் அப்படியே நின்றாள்.

பிள்ளைகள் அவளுக்குச் சுருள் டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். வந்த வெள்ளம் நின்ற வெள்ளத்தையும் கொண்டுபோன கதையாக, இரண்டே வாரத்தில் ஜன்னலில் தலைகள் குறைந்தன. இடைவேளையில் எல்லாம் சுருள் டீச்சரைச் சுற்றித்தான். ஒரு மாதத்தில் அவள் புது அட்டைகளும் செய்துவிட்டாள். கலர் படம், மேலே பளபளவென்று பிளாஸ்டிக் உறை. "உங்களோடதைப் பாத்துத்தான்கா செஞ்சேன்" என்று கொண்டுவந்து காட்டினாள். "நல்லாருக்கு" என்றாள் ஜன்னல் அக்கா. பழைய பெட்டியை அலமாரியின் மேல் தட்டில், பழுதான ஃபேனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அன்றிலிருந்து அவளுக்குச் சுருள் டீச்சரின் எதுவும் பொறுக்கவில்லை. அவள் சிரிப்பு பெரிதாகத் தெரிந்தது. பதிவேட்டில் அவள் போட்ட கையெழுத்து திமிராகத் தெரிந்தது. தினமும் காலையில் "குட் மார்னிங்கா" என்று சொல்லிவிட்டுப் போவதில்கூட ஏதோ குத்தல் இருப்பதாகப் பட்டது. வீட்டில் அதையே பேசிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் பஸ் டிரைவர். ஒரு நாளைக்கு ஆயிரம் பேரின் புலம்பலைக் காதில் வாங்கிப் பழகியவர்.

"பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பெத்தான்னு ஒருத்தி அம்மிக்கல்லை எடுத்து வயித்துல இடிச்சுக்கிட்டாளாம்" என்றார் ஒருநாள், ஷூவைக் கழற்றிக்கொண்டே.

"நான் ஒண்ணும் இடிச்சுக்கல. அவ வந்து நாலு மாசம் ஆகல. நான் பத்து வருஷமா இருக்கேன்."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் மூணு நாளா தட்டைக் கழுவுற சத்தம் தெருவுக்குக் கேக்குது?"

அவள் அடுத்த தட்டை மெதுவாக வைத்தாள். வயிற்றில் எரிந்துகொண்டிருந்தது என்னவோ அப்படியேதான் இருந்தது.

அரையாண்டு முடிகிற நேரத்தில் சுருள் டீச்சர் ஒரு யோசனை சொன்னாள். பள்ளியில் பேசப்படும் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு பிள்ளை மேடை ஏற வேண்டும். காலையில் வீட்டில் தன்னை என்ன சொல்லி எழுப்புவார்கள் என்பதை அந்தப் பிள்ளை தன் மொழியில் சொல்லும். பிறகு எல்லாருக்கும் புரிகிற மொழியில் அர்த்தம் சொல்லும். கூடத்தில் இருக்கும் எல்லாரும் அதைத் திருப்பிச் சொல்வார்கள். ஆட்டம் பாட்டம் ஒன்றும் இல்லை. தலைமை ஆசிரியைக்கு அது பிடித்துப்போய், 'பதினேழு காலைகள்' என்று பெயரும் வைத்துவிட்டார்.

அழைப்பிதழ் அடிக்கும் வேலை ஜன்னல் அக்காவுக்கு வந்தது. டைப் செய்துகொண்டே நினைத்தாள். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? பத்து வருடம் பதினேழு மொழியையும் அட்டையில் எழுதி வைத்திருந்தேனே, ஒரு நாள்கூட இப்படி ஒன்று தோன்றவில்லையே. அவளை அதிகம் வாட்டியது அந்த யோசனை நன்றாக இருந்ததுதான்.

நிகழ்ச்சிக்கு நாலு நாள் இருக்கும்போது ஜன்னலில் ஓர் ஆள் வந்து நின்றார். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் அப்பா. பெயிண்ட் அடிக்கும் வேலை, நகக்கண்ணெல்லாம் வெள்ளை. சட்டையின் மேல் பொத்தானை எந்நேரமும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பதால் அந்தச் சிறுமியை எல்லாரும் பொத்தான் என்றே கூப்பிடுவார்கள். பள்ளியில் அவள் மொழி பேசுகிற பிள்ளை அவள் ஒருத்திதான்.

பெயிண்டர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிப் பேசினார்.

"டீச்சர்கிட்ட சொல்லணும். என் பொண்ணுகிட்ட அது கேக்க வேணாம். காலைல எழுப்புறது."

"ஏன் சார்? எல்லாப் பிள்ளைங்களும் சொல்லுதுங்களே."

"எழுப்புறது அவ அம்மா. இப்ப அம்மா இல்ல. எட்டு மாசம்."

ஜன்னல் அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சேர்க்கை விண்ணப்பத்தில் தாயின் பெயர் இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"ஃபாரத்துல 'இல்ல'ன்னு எழுத முடியல" என்றார் அவர், அவள் நினைத்தது கேட்டுவிட்டது போல. "அன்னைக்கு என் கை எழுத மாட்டேன்னுச்சு. வேற எந்த வேலையும் குடுங்க. நாற்காலி தூக்கட்டும். இது வேணாம்."

"நான் சொல்லிடறேன். நீங்க கவலைப்படாமப் போங்க."

அவர் கைகூப்பிவிட்டுப் போனார். அவள் ஒரு மஞ்சள் சீட்டை எடுத்து, பிள்ளையின் பெயர், வகுப்பு, 'தாய் இல்லை. மேடையில் கேட்க வேண்டாம். தந்தையின் வேண்டுகோள்' என்று எழுதினாள். எழுதும்போது மனம் கனத்துத்தான் இருந்தது. சீட்டைக் கொடுக்க எழுந்தாள்.

அப்போது தலைமை ஆசிரியையும் சுருள் டீச்சரும் பேசிக்கொண்டே அறைக்குள் வந்தார்கள். தலைமை ஆசிரியை சுருள் டீச்சரின் தோளில் கை போட்டிருந்தார். பத்து வருடத்தில் ஜன்னல் அக்காவின் தோளில் அந்தக் கை விழுந்ததில்லை.

"இத்தனை வருஷம் இந்த ஸ்கூல் ஊமையா இருந்துச்சும்மா" என்றார் அவர், ஜன்னல் அக்காவைப் பார்த்தே. "இந்தப் பொண்ணு வந்துதான் வாயைத் திறந்திருக்கு. என்ன சொல்றீங்க?"

"ஆமா மேடம்" என்றாள் ஜன்னல் அக்கா.

"பதினாறு பேர் ரெடி மேடம்" என்றாள் சுருள் டீச்சர். "பொத்தான்தான் இன்னும் சொல்லிக் காட்டல. கேட்டா, தெரியும் தெரியும்னு தலையாட்டுறா. அன்னைக்குச் சொல்லிடுவா. ஒரு மொழியும் விட்டுப்போகக் கூடாதுன்னு எனக்கு ஆசை. எனக்கு என் பிள்ளைங்களைப் பத்தித் தெரியும்."

என் பிள்ளைகள். அந்த வார்த்தை ஜன்னல் அக்காவின் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியது போல இறங்கியது. கையில் சீட்டு இருந்தது. இந்தப் பள்ளியில் இது தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்தாள். ஐந்து மொழி தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. அந்த நினைப்பு, கடும் வெயிலில் கிடைத்த ஒரு வாய்த் தண்ணீர் போல இருந்தது. அதை உடனே கொட்டிவிட அவளுக்கு மனம் வரவில்லை. டிராயரைத் திறந்து சீட்டை உள்ளே போட்டாள். நாளைக்குக் கொடுத்தால் போச்சு.

மறுநாள் டிராயரைத் திறந்தாள், பார்த்தாள், மூடினாள். அதற்கு மறுநாள் திறக்கவே இல்லை. எல்லாம் தெரிந்தவள்தானே, இதையும் அவளே தெரிந்துகொள்ளட்டும். மேடையில் ஒரு பிள்ளை பேசாமல் நின்றால் என்ன குடி முழுகிப்போகும்? ஒரு மொழி குறையும். பதினாறு காலைகள் ஆகும். சுருள் டீச்சர் முகம் கொஞ்சம் சுருங்கும். அவ்வளவுதானே? அந்த முகத்தை அவள் பலமுறை மனத்தில் போட்டுப் பார்த்துவிட்டாள். பொத்தானின் முகத்தை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை.

நிகழ்ச்சி நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. வேலை உடுப்போடு அப்படியே வந்த தகப்பன்கள், இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த தாய்மார்கள். ஜன்னல் அக்கா சாவிக்கொத்தோடு பக்கவாட்டுக் கதவருகே, விளக்கு சுவிட்சுகளுக்குப் பக்கத்தில் நின்றாள். மேடையில் பதினேழு பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள்.

முதல் பையன் மைக்கைப் பிடித்து, தன் மொழியில் கத்திவிட்டு அர்த்தம் சொன்னான்: "எழுந்திரு, இல்லன்னா உன் அண்ணன் உன் ரொட்டியையும் சேத்துத் தின்னுடுவான்!" கூடம் சிரித்தது. இருநூறு குரல்கள் நாக்குச் சுளுக்க அதைத் திருப்பிச் சொன்னபோது, அவன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்தவள், "அஞ்சு எண்ணுவேன், நாலுலயே தண்ணி ஊத்துவேன்" என்றாள். இன்னொருத்தன் வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களாம். அப்பா போர்வையை மட்டும் உருவிக்கொண்டு போய்விடுவாராம். அதைச் சொல்லவும் அவன் மொழியில் ஒரு வார்த்தை இருந்தது. சனங்கள் ஒருவர் மொழியை ஒருவர் தப்புத் தப்பாகச் சொல்லிச் சிரித்தார்கள். எதிரெதிர் வீட்டில் ஐந்து வருடமாகப் பேசாமல் இருந்தவர்கள்கூட முழங்கையால் இடித்துக்கொண்டார்கள்.

ஜன்னல் அக்கா இவை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றாள். கைதட்டினாள், சத்தம் வராமல்.

கடைசியாகப் பொத்தான் வந்தாள். பொத்தானைக் கடித்தபடி மைக் முன்னால் நின்றாள். கூடம் காத்திருந்தது. சுருள் டீச்சர் மேடை ஓரத்தில் மண்டியிட்டு, சொல்லு சொல்லு என்று தலையாட்டினாள். பொத்தான் வாயிலிருந்து சட்டையை எடுத்தாள். கண்ணால் வரிசை வரிசையாகத் தேடி, கடைசி வரிசையில் தன் அப்பாவைக் கண்டுபிடித்தாள். அவரைப் பார்த்து, தெளிவாக, கொஞ்சம் அவசரமாக, தன் மொழியில் ஏதோ சொன்னாள்.

கூடம் கைதட்டியது. "எவ்வளவு அழகாச் சொல்லுது பாரு" என்றாள் ஒரு தாய். அர்த்தத்துக்குக்கூடக் காத்திராமல், காதில் விழுந்ததைச் சிலர் திருப்பிச் சொல்லத் தொடங்கினார்கள்.

ஜன்னல் அக்காவுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அட்டைகளில் எழுதிய ஆறு வார்த்தை அதில் தெரியும். பொத்தான் சொன்னதில் 'அம்மா' இருந்தது, 'அப்பா' இருந்தது. கடைசியில் குரல் மேலே ஏறி நின்றது. அது கேள்வி. எழுப்புகிற பேச்சு இல்லை. அவள் சட்டென்று சுருள் டீச்சரைப் பார்த்தாள். பெயிண்டரைத் தவிர அந்த மொழி தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான்; அவளுடைய ஐந்து மொழிகளில் அதுவும் ஒன்று. தட்டப்போன கைகள் நடுவிலேயே நின்றிருந்தன. முகத்தில் இரத்தமே இல்லை. நாலு நாளாக ஜன்னல் அக்கா பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

பெயிண்டர் எழுந்து நின்றார். நாற்காலிகளை இடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தலைமை ஆசிரியை மைக்கை வாங்கி நன்றி சொல்ல ஆரம்பித்தார். இரண்டு நிமிடம் கழித்து யாரோ கேட்டார்கள்: பொத்தான் எங்கே?

வகுப்பறைகளில் இல்லை, கழிப்பறையில் இல்லை. வாசல் கேட் பூட்டியிருந்தது. சுருள் டீச்சர் தாழ்வாரத்தில் அங்கும் இங்கும் ஓடினாள். ஜன்னல் அக்கா ஓடவில்லை. பயந்த பிள்ளைகள் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். விளையாட்டுச் சாமான் அறைக்கு நேரே போனாள். சுருட்டி நிறுத்தியிருந்த பாய்களுக்குப் பின்னால், சுவரோடு சுவராக, பொத்தான் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. எதையோ ஞாபகப்படுத்திப் பார்க்கிற முகத்தோடு உதடுகள் மட்டும் அசைந்துகொண்டிருந்தன.

ஜன்னல் அக்கா அவள் மொழியில் 'அப்பா' என்ற வார்த்தையைச் சொல்லி, வாசல் பக்கம் கை காட்டினாள். பொத்தான் தலையசைத்தாள்.

வாசலில் நின்றிருந்த பெயிண்டரை ஜன்னல் அக்கா கூட்டிவந்தாள். அவர் தரையில் உட்கார்ந்து மகளை மடியில் இழுத்துக்கொண்டார். அவள் அதே கேள்வியை மறுபடி கேட்டாள். அவர் அவள் முடியைக் கோதி ஒதுக்கினார். பிறகு அவள் காதருகே குனிந்து, மிகச் சின்னதாக ஏதோ சொன்னார். அவள் 'ஆமா, அதுதான்' என்பது போல அவர் நெஞ்சில் தலையை முட்டினாள். அப்புறம்தான் அழுதாள்.

கதவருகே சுருள் டீச்சர் நின்றிருந்தாள். "என்ன கேட்டான்னு தெரியுமாக்கா?" என்றாள் குரல் உடைந்து. "'அப்பா, அம்மா என்ன சொல்லி எழுப்புவாங்க, எனக்கு மறந்துபோச்சே'ன்னு கேட்டா. எல்லாரும் கை தட்டுறாங்க. ஐயோ, எனக்குத் தெரியாமப் போச்சே. யாராவது சொல்லியிருந்தா..."

பெயிண்டர் தலை நிமிர்ந்தார். கோபமாகக்கூட இல்லை. ஜன்னல் அக்காவைப் பார்த்து, "நான் உங்ககிட்ட சொன்னேன்" என்றார்.

சுருள் டீச்சர் திரும்பினாள்.

"மறந்துட்டேன்" என்றாள் ஜன்னல் அக்கா. வார்த்தை எளிதாக வந்தது. எல்லாரும் நம்பியிருப்பார்கள். இருநூறு பிள்ளைகள், ஆயிரம் வேலை, யாருக்குத்தான் மறக்காது? ஆனால் மறந்துபோச்சு என்று சொன்ன ஒரு பிள்ளை இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. அதன் முன்னால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை.

சுருள் டீச்சரை வெளியே தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டாள். "மறக்கல. எழுதி டிராயர்ல வச்சிருக்கேன். நாலு நாளா."

"ஏன்கா?"

"உன்னைப் பிடிக்கல."

சுருள் டீச்சருக்குப் புரிய நேரமானது. "நான் உங்களை என்ன பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. பிள்ளைங்க உன்கிட்ட வந்துடுச்சுங்க. நீ மேடையில தலைகுனியணும்னு நெனச்சேன்."

"என்னைப் பிடிக்கலைன்னா என் மூஞ்சில காறித் துப்பியிருக்கலாமே! அந்தப் பிள்ளை என்ன பண்ணுச்சு உங்களுக்கு?" என்று கத்தினாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்கிட்ட இனிமே பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தலைமை ஆசிரியையிடம் ஜன்னல் அக்காவே போய்ச் சொன்னாள். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதைவிடப் பெரிய தண்டனை ஒன்றும் வந்தது. பெற்றோர் சொல்லும் எந்தச் செய்தியும் இனி ஜன்னலில் வாங்கப்படாது, நேராக ஆசிரியரிடம்தான் சொல்ல வேண்டும் என்று கண்ணாடியிலேயே நோட்டீஸ் ஒட்டினார்கள். அதை டைப் செய்ததும் அவள்தான். வீட்டில் சொன்னபோது கணவர் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த ஆளைப் போய்ப் பாத்தியா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு வாரம் தயங்கிவிட்டு, ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுப் போனாள். புதிதாகக் கட்டிய குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடிப் படிக்கட்டில், ஏணி மேல் நின்று பெயிண்டர் கூரைக்குப் பெயிண்ட் உருளை ஓட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தார். இறங்கவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றாள். "நான் மறக்கல சார். வேணும்னேதான் சொல்லாம விட்டேன்."

"தெரியும். டீச்சர் சொன்னாங்க." உருளை ஒரு முறை போய் வந்தது. "நீங்க செஞ்சது தப்பு."

"ஆமா."

"இப்ப தினமும் கேக்குறா. அம்மா சொன்ன மாதிரியே சொல்லுன்னு. முதல்ல ஒரு வாரம் என்னால முடியல. இப்ப சொல்றேன். ஆனா அதுக்காக உங்களுக்கு நன்றி சொல்ல மாட்டேன்."

"வேணாம்."

"ஞாயித்துக்கிழமை டீச்சர் வீட்டுக்கு வர்றாங்க. அவகூட எங்க பாஷைல பேசுறாங்க. அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்."

அந்த இடத்தில், மன்னிப்புக் கேட்க வந்து நின்ற அந்தப் படியிலும், ஜன்னல் அக்காவின் வயிற்றில் அது ஒருமுறை சுருக்கென்றது. சுருள் டீச்சர் வீட்டுக்கே போகிறாளா? அவளுக்கே திகைப்பாக இருந்தது. இவ்வளவு ஆன பிறகுமா? ஆனால் இந்தத் தடவை அது என்னவென்று அவளுக்குத் தெரிந்தது. அதற்கு வேறு பெயர் வைத்து ஏமாற்றிக்கொள்ளவில்லை. அது அடங்கும்வரை கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நல்லது சார். அவங்க வரட்டும்" என்றாள். பிறகு தயங்கி, "உங்க பொண்ணை அவ அம்மா என்ன சொல்லி எழுப்புவாங்க?" என்று கேட்டாள்.

பெயிண்டர் உருளையை வாளியில் நனைத்து, விளிம்பில் வழித்துவிட்டார்.

"அதைக் கேக்காதீங்க. அது எங்க வீட்டோட இருக்கட்டும்."

அவள் தலையாட்டினாள். திரும்பும்போது, பிடித்து இறங்கச் சுவர்ப் பக்கம் கை நீட்டினாள்.

"சுவத்தைத் தொடாதீங்க" என்றார் அவர் மேலிருந்து. "இன்னும் காயல."

கையை இழுத்துக்கொண்டு, படியின் நடுவிலேயே, ஒவ்வொன்றாகப் பார்த்து இறங்கினாள்.